போப்பின் ஈஸ்டர் வெள்ளை யாருடையது?



ஈஸ்டர் ஞாயிறன்று தொலைக்காட்சிச் செய்தியில் ஒரு காட்சி தவறாமல் வரும். வத்திக்கானில் புனித பேதுரு பேராலயத்தின் நடு மாடத்தில் போப் வந்து நிற்பார். கீழே சதுக்கம் கொள்ளாத கூட்டம். 'ஊர்பி எத் ஓர்பி' என்ற ஆசியை வழங்குவார். லத்தீன் மொழியில் 'நகருக்கும் உலகுக்கும்' என்று பொருள். நாம் எந்த மதத்தவராக இருந்தாலும் ஒரு முறையாவது இதைப் பார்த்திருப்போம். பார்த்தவுடன் மனதில் என்ன தோன்றும்? "ராஜ உடை!" என்றுதான் தோன்றும்.

அந்த உடைகளை ஒவ்வொன்றாக எடுத்து, "நீ எங்கிருந்து வந்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வேறு மாதிரி வரும். மேலங்கி மழையில் நடந்த வழிப்போக்கனுடையது. தோளில் கிடக்கும் கம்பளிப் பட்டை ஆடு மேய்ப்பவனை நினைவூட்டுவது. ஈஸ்டரின் வெள்ளை நிறமோ, அன்று ஞானஸ்நானம் பெற்றுத் தண்ணீரிலிருந்து எழுந்த சாதாரண மனிதருடையது. இந்தக் கட்டுரையில் அந்த ஒரு வாரத்தை நாள் நாளாகப் பார்ப்போம்.

தெருவில் உடுத்தியது

முதல் சில நூற்றாண்டுகளில் கிறிஸ்தவ குருக்களுக்குத் தனி உடை என்று ஒன்று இருக்கவில்லை. ஊரார் உடுத்தியதையே அவர்களும் உடுத்தினார்கள். பூசைக்குச் சுத்தமான, நல்ல உடையாக இருக்கும், அவ்வளவுதான்.

428-ஆம் ஆண்டில் முதலாம் செலஸ்டின் என்ற போப் இன்றைய பிரான்சின் தென்பகுதி ஆயர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்கே சிலர் துறவிகளைப் போல உடுத்தி, இடுப்பில் கச்சை கட்டி, மக்களிடமிருந்து தங்களை வேறுபடுத்திக் காட்டத் தொடங்கியிருந்தார்கள். செலஸ்டின் அதைக் கண்டித்தார். நம்மை மக்களிடமிருந்து பிரித்துக் காட்ட வேண்டியது போதனையும் நடத்தையும்தான், உடை அல்ல என்பது அவர் வாதம். இன்று உலகிலேயே அதிகம் படம் எடுக்கப்படும் உடைகளில் ஒன்றை அணிபவரின் முன்னோர் சொன்ன வார்த்தை இது!

பிறகு எப்படித் தனி உடை வந்தது? குருக்கள் மாறவில்லை, தெரு மாறியது. ரோமப் பேரரசு தளர்ந்து வடக்கிலிருந்து வந்த மக்கள் கலந்தபோது, குட்டைச் சட்டையும் காற்சட்டையும் வழக்கமாயின. குருக்கள் மட்டும் பழைய ரோம நீள உடையை விடவில்லை. காலப்போக்கில் அதுவே 'திருவுடை' ஆகிவிட்டது.

பூசையின்போது போப் எல்லாவற்றுக்கும் மேலே போடும் அகன்ற அங்கிக்குக் 'காசுலா' என்று பெயர். 'சிறு வீடு' என்று பொருள். தலையை நுழைத்துக்கொள்ள ஒரு துளை மட்டும் உள்ள, உடலைச் சுற்றி மூடும் உடை. ரோமர்கள் பயணத்திலும் மழையிலும் போட்டுக்கொண்ட 'பேனுலா' என்ற போர்வை அங்கிதான் இதன் மூலம். அதற்கு உள்ளே போடும் நீண்ட வெள்ளை அங்கி 'ஆல்பா'. அந்தச் சொல்லுக்கு வெள்ளை என்றே பொருள். அதுவும் ரோமர்களின் அன்றாடச் சட்டைதான்.

நிறம் வந்த கதை

இன்றுபோல நாளுக்கு ஒரு நிறம் என்ற ஒழுங்கு மெல்ல மெல்லத்தான் உருவானது. 1198-இல் போப் ஆன மூன்றாம் இன்னொசென்ட், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் கர்தினாலாக இருந்தபோது எழுதிய நூலில் ரோமின் வழக்கத்தைப் பதிவு செய்தார். விழாக்களுக்கு வெள்ளை, இரத்தசாட்சிகளுக்குச் சிவப்பு, தவத்துக்கும் துக்கத்துக்கும் கறுப்பு, மற்ற நாட்களுக்குப் பச்சை. 1570-இல் ஐந்தாம் பயஸ் வெளியிட்ட திருப்பலி நூல் நிற ஒழுங்கை உறுதிப்படுத்தியது.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் முழுவதும் ஊதா. குருத்து ஞாயிறன்று சிவப்பு. அன்று போப் கையில் பிடித்திருப்பது நம் ஊர்க் கோயில்களில் தருவது போன்ற எளிய குருத்தோலை அல்ல. வெளிறிய இளங்குருத்துகளை நுணுக்கமாகப் பின்னிச் செய்த 'பார்முரேலி'. இத்தாலியின் லிகூரியாக் கடற்கரை ஊர்களின் கைவேலை அது. நம் ஊரில் ஓலையில் கிளியும் கிலுகிலுப்பையும் பின்னுகிறவர்கள் பார்த்தால் உடனே வேலையின் அருமையைச் சொல்லிவிடுவார்கள்.

கழற்றும் இரண்டு நாட்கள்

பெரிய வியாழனன்று உடை வெள்ளை. ஆனால் அன்று கவனிக்க வேண்டியது உடுத்துவதை அல்ல, கழற்றுவதை. இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவிய நாள் அது. போப் மேலங்கியைக் கழற்றிவிட்டு, இடுப்பில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார்.

2013 மார்ச் 28 அன்று, பதவியேற்ற இரண்டு வாரத்துக்குள், போப் பிரான்சிஸ் இந்தச் சடங்கை ரோமில் உள்ள கசால் தெல் மார்மோ இளைஞர் சிறைக்குக் கொண்டுபோனார். அவர் பாதம் கழுவிய பன்னிரண்டு பேரில் இரண்டு பெண்கள் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். கழுத்திலிருந்து நேராகத் தொங்க வேண்டிய தோள்பட்டைத் துணியை, திருத்தொண்டர்கள் அணிவதுபோல் குறுக்காகப் போட்டிருந்தார். திருத்தொண்டர் என்றால் பணிவிடை செய்பவர். குருநிலையின் படிகளில் கீழ்ப்படி அதுதான். ஆண்களின் பாதங்களையே கழுவ வேண்டும் என்றுதான் அப்போது விதி. 2016 ஜனவரியில் விதியையே மாற்றி, பெண்களையும் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆணை வந்தது.

வியாழன் இரவு வழிபாடு முடிந்ததும் பலிபீடத்தின் விரிப்புகளையும் எடுத்துவிடுவார்கள். மறுநாள் அது வெறும் கல்.

பெரிய வெள்ளியன்று போப் சிவப்பு உடையில் வருவார். முன்பு அது கறுப்பாக இருந்தது. 1970-இல் வந்த புதிய திருப்பலி நூல்தான் துக்கத்தின் கறுப்பை இரத்தத்தின் சிவப்பாக மாற்றியது. மணி ஓசை இல்லை. உடல்நலம் இடங்கொடுத்தால், போப் பலிபீடத்தின் முன் தரையில் முகம் குப்புற நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடப்பார். சிலுவையை முத்தமிடப் போகும்போது மேலங்கியையும் காலணியையும் கழற்றிவிட்டுப் போவதும் உண்டு. செருப்பை வாசலில் விடும் நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

அன்று பேராலயத்தில் பிரசங்கம் செய்பவரும் போப் அல்லர். கப்புச்சின் சபைத் துறவி ஒருவர் செய்வார். பழுப்பு நிற முரட்டு அங்கி, இடுப்பில் கயிறு. போப் உட்கார்ந்து கேட்பார். போப்பின் இல்லத்துக்குப் பிரசங்கிக்கும் இந்தப் பொறுப்பு 1743 முதல் அந்தச் சபைக்கே உரியது.

சனி இரவின் வெள்ளை

சனிக்கிழமை இரவு எல்லா விளக்குகளும் அணைந்திருக்கும். புதிதாக மூட்டிய நெருப்பிலிருந்து பாஸ்கா மெழுகுதிரியை ஏற்றுவார்கள். திரியில் அந்த ஆண்டின் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த ஒரு சுடரிலிருந்து ஆயிரக்கணக்கான சின்ன மெழுகுதிரிகள் பற்றிப் பரவும். பல நூற்றாண்டுகளாக இந்த 'இரவு' வழிபாடு சனிக்கிழமை காலையிலேயே, பட்டப்பகலில் நடந்துகொண்டிருந்தது என்றால் நம்புவீர்களா? பன்னிரண்டாம் பயஸ் 1951-இல் சோதனை முறையாக அதை இரவுக்குத் திருப்பினார். 1955-இல் புனித வாரம் முழுவதையும் சீர்திருத்தி, 1956 முதல் அதை நிலையாக்கினார்.

இந்த இரவுக்குத்தான் வெள்ளை நிறம் சொந்தம். பழைய ரோமில் பெரியவர்கள் ஞானஸ்நானம் பெற்ற முக்கியமான இரவு இது. ரோம் ஆயரின் தலைமைக் கோயிலான லாத்தரன் பேராலயத்தின் அருகே எண்கோண வடிவ ஞானஸ்நான மண்டபம் இன்றும் நிற்கிறது. மூன்றாம் சிக்ஸ்துஸ் போப்பாக இருந்த 432–440 காலத்தில் திருத்திக் கட்டியது. ஞானஸ்நானம் பெறுபவர்கள் பழைய உடையைக் களைந்து தண்ணீரில் இறங்குவார்கள். ஏறி வந்ததும் வெள்ளாடை உடுத்துவார்கள். செல்வந்தரானாலும் வேலைக்காரரானாலும் உடை ஒன்றே. எட்டு நாள் அதே வெள்ளையில் கோயிலுக்கு வருவார்கள். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறுக்கு லத்தீனில் 'வெள்ளாடை ஞாயிறு' என்ற பெயர் வந்தது இதனால்தான்.

"போப் தினமும் வெள்ளைதானே உடுத்துகிறார்?" என்று நீங்கள் கேட்கலாம். ஐந்தாம் பயஸ் டொமினிக்கன் சபைத் துறவி, 1566-இல் போப் ஆன பிறகும் தன் சபையின் வெள்ளை அங்கியை விடவில்லை, அதிலிருந்துதான் இந்த வழக்கம் என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் போப் உள்ளே வெள்ளையும் வெளியே சிவப்பும் உடுத்துவார் என்று அதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே துராந்துஸ் என்ற ஆயர் எழுதி வைத்துவிட்டார்.

கம்பளியும் மூன்றடுக்கு முடியும்

ஞாயிறு காலைப் பூசையில் வெள்ளை மேலங்கியின் மேல், தோளைச் சுற்றி ஒரு குறுகிய கம்பளிப் பட்டை கிடக்கும். அதன் பெயர் 'பாலியம்'. ஆண்டுதோறும் ஜனவரி 21, புனித ஆக்னஸ் திருநாளை ஒட்டி ஆட்டுக்குட்டிகளை மந்திரித்து, அவற்றின் ரோமத்தையும் சேர்த்துப் புதிய பாலியங்களை நெய்கிறார்கள். ஆட்டுக்குட்டிக்கு லத்தீனில் 'ஆக்னுஸ்'. பெயர்ப் பொருத்தம்தான் காரணம். காணாமல் போன ஆட்டைத் தோளில் தூக்கி வரும் மேய்ப்பனின் சாயல் அந்தப் பட்டையில் இருக்கிறது.

ராஜ அடையாளமும் இல்லாமல் இல்லை. மூன்றடுக்கு மணிமுடி, ஆட்கள் தோளில் சுமக்கும் நாற்காலி, இருபுறமும் தீக்கோழி இறகு விசிறிகள் என்று இருபதாம் நூற்றாண்டின் பாதி தாண்டியும் போப்பின் ஈஸ்டர் பவனி நடந்தது. நம் பல்லக்கையும் சாமரத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1964 நவம்பர் 13 அன்று ஆறாம் பவுல் தம் மணிமுடியைக் கழற்றி, ஏழைகளுக்கு அளிக்கும் அடையாளமாகப் பேராலயத்தின் பலிபீடத்தில் வைத்தார். அந்த முடி இப்போது வாஷிங்டனில் ஒரு பேராலயத்தில் இருக்கிறது. 1978-இல் முதலாம் ஜான் பால் முடிசூட்டு விழாவே வேண்டாம் என்றார். அதன்பின் எந்தப் போப்பும் முடிசூடவில்லை.

ஆனால் விவாதம் முடிந்துவிடவில்லை. 2008 ஈஸ்டர் வாரத்தில் பதினாறாம் பெனடிக்ட், வெகுகாலம் வழக்கொழிந்திருந்த வெள்ளைக் குறுமேலாடையை மீண்டும் அணிந்தார். 2013-இல் பிரான்சிஸ் தேர்வான அன்றே சிவப்புக் குறுமேலாடை இல்லாமல் மாடத்துக்கு வந்தார். 2025 மே 8 அன்று பதினான்காம் லியோ அதை அணிந்தே வந்தார். உடை பதவிக்கு உரியது, அதை மறுக்கத் தனி மனிதருக்கு உரிமை இல்லை என்பது ஒரு நியாயம். மக்களிடமிருந்து பிரிக்கும் எதுவும் வேண்டாம் என்பது மற்றொரு நியாயம். செலஸ்டின் 428-இல் தொடங்கிவைத்த பேச்சு இன்னும் நடக்கிறது.

2025-இன் பத்து நாட்கள்

அந்தப் பேச்சின் நடுவே ஒரு காட்சி. 2025 ஏப்ரல் 10. கடும் நிமோனியாவிலிருந்து தேறிவந்த பிரான்சிஸ், முன்னறிவிப்பு இல்லாமல் சக்கர நாற்காலியில் பேராலயத்துக்குள் வந்தார். வெள்ளை அங்கி இல்லை. கறுப்புக் காற்சட்டை, மேலே ஒரு கோடு போட்ட போர்வை, மூக்கில் ஆக்சிஜன் குழாய். பார்த்தவர்கள் ஒரு நோயாளி முதியவரைத்தான் பார்த்தார்கள். பத்து நாள் கழித்து, ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு. வெள்ளை அங்கியில் மாடத்தில் அமர்ந்து, தளர்ந்த குரலில் வாழ்த்தும் ஆசியும் சொன்னார். செய்தியை உதவியாளர் வாசித்தார். மறுநாள் காலை தம் 88-ஆம் வயதில் காலமானார்.

அவர் உடலுக்கு உடுத்தியது வெள்ளை மேலங்கி அல்ல, சிவப்பு. போப்புகளைச் சிவப்பு உடையில் அடக்கம் செய்வது பழைய மரபு. பெரிய வெள்ளியின் நிறம் அது.

அடுத்த ஈஸ்டருக்குத் தொலைக்காட்சியில் அந்த மாடத்தைப் பார்க்கும்போது இவற்றை நினைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். நம் பிளாக்கிலேயே உள்ள கத்தோலிக்கக் குடும்பத்தாரிடம், அவர்கள் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு உடுத்திய வெள்ளை உடையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பலர் அதைப் பீரோவில் பத்திரமாக மடித்து வைத்திருப்பார்கள். லாத்தரன் மண்டபத்தில் தண்ணீரிலிருந்து ஏறி வந்தவர்களுக்கு உடுத்திய வெள்ளைதான் அது. போப் ஈஸ்டரன்று அணிவதும் அதே வெள்ளைதான்.