அடோபோ

பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரிடம் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் முதலில் வரும் சொல் இது. ஆனால் சொல் ஸ்பானியம். 'அடோபார்' என்றால் மசாலாவில் ஊறப்போடுதல். ஸ்பெயினில் அடோபோ என்பது ஊறல். பிலிப்பைன்ஸில் அதுவே குழம்பு.

1613இல் அச்சான தகாலோக் அகராதியில், பெத்ரோ தெ சான் புவேனவெந்தூரா என்ற பாதிரியார், காடியில் ஊறிய உள்ளூர்ப் பண்டம் ஒன்றை அந்த மக்களின் அடோபோ என்ற பொருளில் விளக்கியிருக்கிறார். பண்டம் அவர்களுடையது, பேர்தான் வந்தேறி. வெப்ப நாட்டில் கறி கெடாதிருக்கக் காடி வேண்டும். தென்னை, நிப்பா பனைகளின் கள் புளித்தால் காடி தயார். கருநிறம் தரும் சோயா சாஸ் சீனர் வழி வந்தது. அது சேராத பழைய வகைக்கு 'அடோபோங் புத்தி', வெள்ளை அடோபோ, என்று பேர்.

காடி ஊற்றியதும் கிளறக்கூடாது என்பார்கள். கொதி வந்து நெடி அடங்கும்வரை கரண்டி வெளியேதான். நசுக்கிய பூண்டு கரைந்து, மிளகு மட்டும் முழுசாய்க் கிடக்கும். மறுநாள் அதே சட்டியில் ருசி இன்னும் ஏறியிருக்கும்.

கோழி என்றால் 'அடோபோங் மனோக்', வள்ளைக்கீரை என்றால் 'அடோபோங் கங்கோங்'. அடோபோ ஒரு பண்டத்தின் பேர் மட்டுமல்ல, சமைக்கும் முறையின் பேரும்கூட. அதனால்தான் 2021இல் அரசின் வணிகத்துறை அதற்கு ஒரு தர அளவு வகுக்கப்போவதாகச் சொன்னதும் மக்கள் கொதித்தார்கள். வீட்டுச் செய்முறையைக் கட்டுப்படுத்தும் எண்ணமில்லை என்று துறை விளக்க வேண்டியதாயிற்று.