அர்வாரி ஆற்றுப்படுகை

அர்வாரி, ராஜஸ்தானின் அல்வர் மாவட்டத்தில் ஆரவல்லிக் குன்றுகளில் பிறக்கும் சிற்றாறு. நீளம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை பெறும் பகுதி இது. அதுவும் பெரும்பாலும் ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையே ஒருசில நாள்களில் கொட்டித் தீர்த்துவிடும். 1980களில் மழை பெய்தால் வெள்ளம், ஓய்ந்தால் வெறும் மணல் என்றிருந்த இந்த ஆறு, அடுத்த பத்தாண்டில் ஆண்டு முழுதும் ஓடத் தொடங்கியது. ஊரார் மண் சுமந்து கட்டிய தடுப்பணைகளே அதற்குக் காரணம் என்று சொல்வது வழக்கம். அது பாதிக் கதைதான். கரைகள் நீரைத் திருப்பிக் கொண்டுவந்தன, சரி. வந்த நீரை யார், எப்போது, எதற்கு எடுக்கலாம் என்று ஊர்கள் தமக்குள் பேசி முடித்த ஏற்பாடு மண்வேலையைவிடக் கடினமானது. அர்வாரிக்குத் தனி இடம் தருவதும் அதுவே.

ஆறு வறண்ட காரணமும் உரிமையோடு பிணைந்ததுதான். சமஸ்தானக் காலத்திலிருந்தே காடும் மேய்ச்சல் நிலமும் ஊரின் பொறுப்பிலிருந்து நழுவின. குன்றுகளில் மரங்கள் வெட்டப்பட, மண் அரித்து வந்து ‘ஜோஹட்’ எனப்படும் பழைய நீர்நிலைகளைத் தூர்த்தது. தமக்கென்று எதுவும் மிஞ்சாத இடத்தில் தூர்வார யார் வருவார்கள்? கிணறுகள் வற்றின, ஆண்கள் பிழைப்புத் தேடி நகரங்களுக்குப் போனார்கள். 1985இல் தருண் பாரத் சங்கம் என்ற தொண்டு அமைப்பின் ராஜேந்திர சிங் நண்பர்களோடு இங்கு வந்தபோது, அவர் மனத்தில் இருந்தவை கல்வியும் மருத்துவமும். கோபால்புரா என்ற ஊரின் பெரியவர் மாங்கு மீணா, முதலில் குளத்தை வெட்டச் சொன்னார். ஜோஹட் என்பது சரிவின் குறுக்கே பிறை வடிவில் எழுப்பும் மண்கரை. உட்புறம் தோண்டிய மண்ணே கரையாகும். மிகை நீர் வழிய ஓர் ஓரத்தில் கலிங்கு இருக்கும். தேங்கிய நீர் சில மாதங்களில் மண்ணுக்குள் இறங்கிக் கீழ்ப்பக்கத்துக் கிணறுகளுக்குப் போய்ச் சேரும். ஈரம் காயாத உட்புறத்தில் பயிர் வைப்பதும் உண்டு. கோடையில் வறண்டு கிடக்கும் ஜோஹட்டைப் பார்த்து வேலை வீணாயிற்று என்று நினைப்பவர் அதன் வேலையையே அறியாதவர். எங்கே கட்டுவது, எந்த வீடு எத்தனை நாள் உழைப்பது என்பதையெல்லாம் கிராம சபை முடிவு செய்தது. செலவில் ஒரு பங்கை ஊரார் உழைப்பாகவோ பணமாகவோ தந்தார்கள். தாம் பங்கு தந்து கட்டிய கரை உடைந்தால் அடைக்க, யாரும் ஆளனுப்பக் காத்திருப்பதில்லை.

ஆறு பிறக்கும் பக்கத்திலுள்ள பாவன்டா-கோல்யாலாவில் தொடங்கிய வேலை படுகையெங்கும் பரவி, சுமார் 375 நீர்நிலைகள் உருவாயின. 1990இல் மழைக்காலம் கழிந்தும் சில மாதங்கள் ஆற்றில் நீர் நின்றது. 1995 முதல் அது வற்றாமல் ஓடியது. சோதனையும் உடனே வந்தது. நீர் வந்ததும் மீன் வந்தது. மீன் வந்ததும் அரசு மீன்பிடிக் குத்தகை கொடுத்தது. இன்று மீனை ஏலம் விடுகிறவர்கள் நாளை நீரையும் விடுவார்கள் என்ற அச்சம் கரையோர ஊர்களை ஒன்றுசேர்த்தது. எதிர்ப்புக்குப் பின் குத்தகை ரத்தானது. கரை கட்ட ஓர் ஊர் போதும், ஆற்றைக் காக்கப் போதாது என்பது அப்போதுதான் உறைத்தது. 1999 ஜனவரி 26 அன்று ஹமீர்பூரில் சுமார் 70 ஊர்களின் பிரதிநிதிகள் கூடி ‘அர்வாரி சன்சத்’ என்ற ஆற்று நாடாளுமன்றத்தை அமைத்தார்கள். கரும்பு, நெல் போன்ற நீர் குடிக்கும் பயிர்கள் கூடாது. ஹோலி முதல் மழை தொடங்கும்வரை ஆற்றிலிருந்து நேரடியாக இறைக்கக் கூடாது. மரம் வெட்டவும் வேட்டையாடவும் தடை. இப்படி 11 விதிகள். நாட்காட்டித் தேதி போடாமல் ஹோலியை எல்லைக்கோடாக வைத்ததில் ஊரறிவு தெரிகிறது. எல்லோருக்கும் தெரிந்த நாள். மீறிவிட்டுத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

1990களின் நடுவில் நல்ல மழை பெய்தது, ஆறு திரும்ப அதுவே காரணம் என்று சிலர் வாதிடுவார்கள். மழைக்கும் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு முன்பும் நல்ல மழை ஆண்டுகள் வந்துபோயிருக்கின்றன. அப்போதெல்லாம் வெள்ளம் ஓடி மறைந்ததே தவிர ஆற்றில் நீர் நிற்கவில்லை. இதைவிடக் கனமான ஆட்சேபம், மேலே தேக்கினால் கீழே குறையும் என்பது. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படுகையைப் பற்றி 2010, 2011 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வும், இந்நீர்நிலைகள் நிலத்தடி நீரைக் கூட்டுவதையும் ஆற்றோட்டத்தைக் குறைக்கக்கூடும் என்பதையும் ஒருசேரச் சொல்கிறது. ஓர் அளவுக்கு மேல் கட்டிக்கொண்டே போவதில் பலனில்லை. இந்த ஆட்சேபம் கட்டுமானத்தை மட்டும் நம்புகிறவர்களைத்தான் சாய்க்கும். மொத்த நீர் இவ்வளவுதான் என்றால், அதை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வி பெரிதாகிறது. சன்சத் பேச வந்தது அந்தக் கேள்வியைத்தான். அதன் குறை வேறு. நாடாளுமன்றம் என்று பெயர் இருந்தாலும் சட்ட அதிகாரம் கிடையாது. ஊர்க்கட்டுப்பாடும் பழிக்கு அஞ்சுவதுமே அதன் காவலர்கள். பம்புசெட் வைத்திருப்பவருக்கும் நிலமற்றவருக்கும் அந்தக் கட்டுப்பாடு ஒரே மாதிரி வலிப்பதில்லை.

அரசின் நிலையோ இரு முகம். கோபால்புராவின் தொடக்கக் கரைகளையே சட்டவிரோதம் என்று பாசனத் துறை சொன்னது. 2000 மார்ச்சில் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் நேரில் வந்து பாவன்டா-கோல்யாலா மக்களுக்கு விருது வழங்கினார். 2001இல் ராஜேந்திர சிங்குக்கு மகசேசே விருது கிடைத்தது. அதே ஆண்டு, பக்கத்து ரூபாரேல் படுகையில் லாவா கா பாஸ் ஊரார் கட்டிய அணை பாதுகாப்பற்றது, கீழுள்ள பரத்பூரின் நீருரிமையைப் பறிப்பது என்று பாசனத் துறை அதை அகற்ற முனைந்தது. மக்கள் காவல் இருந்து காத்த அந்த அணை 2003 மழையில் உடைந்தது. பொறியாளர்களின் ஐயம் வீண் பிடிவாதம் அல்ல என்பதற்கு அது சான்று. ஆனால் அந்த ஐயத்தை ஊராரோடு உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ள ஒரு மேடை இருந்ததா என்றால், இல்லை. சன்சத் ஊர்களுக்கு நடுவே நின்றது. ஊருக்கும் துறைக்கும் நடுவே நிற்க அதற்கு எந்தச் சட்டமும் இடம் தரவில்லை.