இறப்பர்ப்பாலும் அளவையின் ஒருமையும்

ஒரே பொருளை இருவர் அளந்து இருவேறு விடை காண்பராயின் வாங்குவோனுக்கும் விற்போனுக்கும் இடையே வழக்குத் தோன்றும்; கூலி கொடுப்போனுக்கும் பெறுவோனுக்கும் இடையே ஐயம் வளரும். கருவி நன்றாயிருத்தல் மட்டும் போதாது. எவர் அளப்பினும் எங்கு அளப்பினும் விடை ஒன்றாதல் வேண்டும். இவ்வுண்மையைச் சப்பிரகமுவ மாகாணத்து இறப்பர்த் தோட்டங்களின் வரலாறு நன்கு விளக்குகின்றது.

பிரேசில் நாட்டு இறப்பர் விதைகள் 1876 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவிற் கன்றுகளாக்கப்பட்டு, அவற்றுட் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. அவை முதலில் ஊன்றப்பெற்ற இடம் கம்பகாவை அடுத்த கெனரத்கொடைப் பூங்காவாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் மழை மிக்க குன்றுச் சரிவுகளில் இறப்பர் பெருகிற்று. தென்னிந்தியாவினின்று வந்த தமிழ்த் தொழிலாளரும் அவர் வழித்தோன்றல்களும் விடியற்காலையில் மரம் சீவிப் பாலெடுப்போராயினர்.

பால்வெட்டுவோர் வாளியிற் கொணரும் பால் முழுவதும் இறப்பரன்று. அதில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது வரையான பங்கே இறப்பர். எஞ்சியதிற் பெரும்பகுதி நீர். மரத்தின் இனம், வயது, பருவம், மழை ஆகியவற்றுக்கேற்ப இப்பங்கு மாறும். ஆகவே வாளியின் நிறை உழைப்பின் முழு அளவாகாது. குறித்த நிறைக்கு மேற்பட்ட இறப்பருக்குத் தனிக் கொடுப்பனவு உண்டாகையால், இப்பங்கைக் கணித்தலில் நேரும் பிழை தொழிலாளியின் அடுப்பங்கரைவரை செல்லும்.

இதனை விரைந்து அறியத் தோட்டங்களிற் பயன்படுவது மெற்றோலாக் என்னும் மிதவைக் கருவி. இறப்பர் நீரினும் இலேசானது. ஆதலின் இறப்பர் மிகுந்த பாலில் கருவி ஆழ அமிழும். பாலை அளவறிந்து நீர்த்துக் கலக்கிய பின்னரே அதனை மிதக்கவிடுவர். நீரின் அளவு தவறினாலும், நுரை கோட்டை மறைத்தாலும், பால் வெப்பமாயிருந்தாலும் விடை வழுவும். இறப்பரல்லாத பொருள்கள் கூடியும் குறைந்தும் இருத்தலும் அதனைப் பாதிக்கும். நம்பத்தக்க முறை வேறு: சிறிதளவு பாலை நிறுத்து, அமிலமிட்டு உறையச் செய்து, அழுத்திக் கழுவி, உலர்த்தி, மீண்டும் நிறுப்பது. இதற்குக் காலம் செல்லும். எனவே மிதவையின் விடையை இம்முறையால் இடையிடையே சரிபார்த்தல் இன்றியமையாதது.

தோட்டத்து வாயிலில் எழுந்த இச்சிக்கல் உலகச் சந்தையிலும் எழுந்தது. நெடுங்காலம் புகையூட்டிய இறப்பர்த் தாள்களை ஒளிக்கெதிரே பிடித்துக் கண்ணாற் கண்டே தரம் பிரித்தனர். ஒருவர் கண்ணுக்கு முதற்றரமானது மற்றொருவர் கண்ணுக்கு இரண்டாந்தரமாயிற்று. 1965 ஆம் ஆண்டில் மலேசியா அழுக்கு, சாம்பல், நைதரசன், ஆவியாகும் பொருள் முதலியவற்றைச் சோதித்துத் தரம் குறிக்கும் முறையைத் தொடங்கிற்று. ஐந்தாம் எண் தரமெனின் அழுக்கு நூற்றுக்கு 0.05 பங்கை மேற்படலாகாது. பிற நாடுகளும் இந்நெறியைப் பின்பற்றின.

ஆயினும் கண்ணின் வேறுபாடு நீங்கியவிடத்து ஆய்வுகூடத்தின் வேறுபாடு புகுந்தது. ஒருவரே ஒரே கருவியால் மீண்டும் அளக்கும்போது தோன்றும் வேறுபாடு சிறியது. வேறோர் ஆய்வுகூடத்தில் வேறொருவர் அளக்கும்போது அது பெரிதாகும். வரம்பை ஒட்டிய ஒரு பொதி ஓரிடத்திற் தேறி மற்றோரிடத்திற் தவறக்கூடும். இதற்கு மருந்து, நன்கு கலந்து ஒருசீராக்கிய ஒரே இறப்பரைப் பல ஆய்வுகூடங்களுக்கும் பங்கிட்டு, அவற்றின் விடைகளை ஒப்புநோக்குவதே. விலகி நிற்கும் கூடம் தன் தராசையும் அடுப்பையும் மாதிரி எடுக்கும் முறையையும் ஆராய்ந்து திருத்திக்கொள்ளும்.

இம்முறையின் உட்பொருள் ஆழமானது. அளப்போன் தன்னைத்தானே நம்புதல் அளவையாகாது. பிறர் அளவோடு ஒப்பிடப்பட இசைதலே அளவையாகும். ஆய்வுகூடத்துக்குப் பொருந்தும் இந்நெறி தோட்டத்து நிறுவைக் கொட்டிலுக்கும் பொருந்தும். பால்வெட்டுவோர் காண மாதிரி எடுத்து, அவர் அறியச் சரிபார்க்கும் இடத்தில் ஐயத்துக்கு இடமில்லை. பொதிக்குக் காட்டும் கவனம் வாளிக்கும் காட்டப்படும்போதே அளவையின் வரலாறு நிறைவுறும்.