வீராங்கனையின் உள்ளம்

பெண் அஞ்சும் பிறப்பென்று கூறுவோர் நம்மவருள் இன்னும் உளர். அவர்க்கு நம் நாட்டு வரலாறே மறுமொழி பகரும்.

1943-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் சிங்கப்பூரில் ஜான்சிராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பெற்றது. தலைமை ஏற்றவர், சென்னையிலிருந்து வந்து ஈண்டு மருத்துவத் தொழில் புரிந்த டாக்டர் லட்சுமி. சேர்ந்தோருட் பலர் மலாயாத் தோட்டங்களிற் பால்மரம் வெட்டிய தமிழ் மாதர். கங்காணியின் குரலுக்கு நடுங்கியவள் துப்பாக்கி ஏந்தி நிமிர்ந்து நின்றது எவ்வாறு? ஒரே சீருடை, ஒரே பந்தி, உடன்பிறந்தார் போன்ற தோழியர், எழுத்தறிவிக்கும் வகுப்பு: இவையே அவள் நெஞ்சிற்கு உரமாயின.

1944-இல் பர்மா சென்றனர். பொருத விரும்பியவர்க்கு மேமியோவிற் காயமுற்றோரைப் பேணும் பணியே வாய்த்தது. 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கிய பிரிவினர் இரவெல்லாம் நடந்தனர். பகலில் விமானங்களுக்கு மறைந்திருந்தனர். நேதாஜியும் உடன் நடந்தார்.

படை கலைந்தது. ஜானகி தேவர் 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரசை அமைத்தோருள் ஒருவரானார். லட்சுமி கான்பூரில் ஏழையர்க்கு மருத்துவம் புரிந்தார். பெயரறியாத் தோட்டத்துப் பெண்ணோ மீண்டும் பால்வாளி தூக்கினாள். தான் கண்ட குருதியையும் இறப்பையும் அவள் யாரிடம் சொல்லி ஆறினாள்?

அன்பர்களே! வீரத்தை வாழ்த்துகிறோம், வீராங்கனையின் உள்ளத்தை வினவுகிறோமில்லை. மனவுறுதி பிறவிக் குணமன்று, உடனிருப்போர் ஊட்டுவது. ஆதலின் இன்று சீருடை அணிந்து மீளும் நம் மகளிர்க்கு மாலையோடு செவியும் அளிப்போமாக.