செயல்வழிக் கற்றலும் தொடக்கப்பள்ளி அறிவியலும்

தமிழகத் தொடக்கப்பள்ளிகள் பலவற்றில் அறிவியல் நெடுங்காலம் மனப்பாடப் பாடமாகவே இருந்தது. ஒரு விதையைக்கூட முளைக்க வைத்துப் பார்க்காத மாணவர், விதை முளைத்தல் பாடத்தில் முழு மதிப்பெண் பெற முடிந்தது. இந்நிலையை மாற்ற அரசுப் பள்ளிகளில் நடந்த பெரிய முயற்சி செயல்வழிக் கற்றல் ஆகும்.

தோற்றமும் பரவலும்

ஆந்திரத்தின் ரிஷிவேலியில், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைக் கவனிக்கும் சிற்றூர்ப் பள்ளிகளுக்காகப் பத்மநாப ராவ், ரமா இருவரும் அட்டைவழிக் கற்பித்தலை வளர்த்தெடுத்தனர். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார், 2003-இல் அம்முறையை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி வைத்தார். 2007-08-இல் அது தேனி மாவட்டம் உட்பட மாநிலம் முழுவதும், 37,000-க்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிகளுக்குச் சென்றது.

வகுப்பறையின் அமைப்பே மாறியது. பாடம் சிறு படிகளாகப் பிரிந்து ஏணிப்படமாகச் சுவரில் ஏறியது. மாணவர் தமக்குரிய அட்டையைத் தாமே எடுத்து, தம் வேகத்தில் கற்றனர். குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. ஆசிரியர் பாயில் மாணவரோடு அமர்ந்தார்.

அட்டையும் பொருளும்

எழுத்தையும் கணக்கையும் பெரும்பாலும் அட்டையைக் கொண்டே பயிலலாம். அறிவியலுக்கு அது போதாது. வேரின் படம் வேர் ஆகாது. பொருளைத் தொடாமல் அட்டையை மட்டும் முடித்தால், பழைய மனப்பாடமே புது வடிவில் திரும்பும்.

பொருளுக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் பஞ்சமில்லை. மூன்று டம்ளரில் மொச்சையைப் போட்டு, ஒன்றைக் காய்ந்தபடியும், ஒன்றை ஈரத்துணியிலும், ஒன்றை நீரில் மூழ்கியும் வைக்கலாம். ஈரத்துணியில் உள்ளது முளைக்கும், காய்ந்தது அப்படியே கிடக்கும், மூழ்கியது அழுகும். விதைக்கு நீரோடு காற்றும் வேண்டும் என்பதை மாணவரே கண்டுகொள்வர்.

மேற்கே ஓடும் பெரியாற்று நீர் தம் ஊர் வயலுக்கு எப்படி வருகிறது என்பதும் நல்ல பாடமே. 1895-இல் திறக்கப்பட்ட அணை அந்நீரைத் தேக்குகிறது. மலையைக் குடைந்த சுரங்கம் கிழக்கே அனுப்புகிறது. லோயர் கேம்பில் அது மின்சாரம் தந்துவிட்டுக் கீழே பாய்கிறது. பள்ளி முற்றத்தில் மண்மேடு கட்டி, ஒருபக்கம் நீரைத் தேக்கி, மேட்டில் துளையிட்டால் இதைச் செய்தே பார்க்கலாம்.

பிந்தைய நிலை

2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. அதன் முதன்மை நோக்கம் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும். திட்டங்களின் பெயர் மாறினாலும் அறிவியலுக்கான தேவை மாறவில்லை: பொருள், அதைத் தொட்டுப் பார்க்க நேரம், கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடாத ஆசிரியர்.