டாக் பார்க்கில் நாயை அப்படியே அவிழ்த்து விடலாமா? சென்னை முதல் புதுமடம் கடற்கரை வரை... தெரிஞ்சிக்க வேண்டியவை!

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி அருகே உள்ள புதுமடத்தில், நாயை ஓட விட இடம் தேட வேண்டியதில்லை. ஊரை ஒட்டியே மன்னார் வளைகுடா, நீண்ட மணல்வெளி. ஆனால், இதுபோன்ற ஊர்களில் இருந்து வேலைக்காக சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் போனவர்களுக்கு நிலைமை வேறு. அடுக்குமாடி வீடு, லிஃப்ட், வாகன நெரிசல். இதற்கு நடுவில் ஒரு நாயை வளர்த்தால் அது எங்கே ஓடும்?

இந்தக் கேள்விக்கு நகரங்கள் கண்டுபிடித்த பதில்தான் 'டாக் பார்க்' எனப்படும் நாய்ப் பூங்கா. ஆனால், 'பூங்கா' என்ற பெயர் இருந்தாலே நாயை அவிழ்த்து விட்டுவிட முடியாது. 2024 மே மாதம், சென்னை ஆயிரம் விளக்கு பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில், இரண்டு ராட்வீலர் நாய்கள் 5 வயது சிறுமியைக் கடித்துக் குதறின. நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அது டாக் பார்க் அல்ல, குழந்தைகள் விளையாடும் சாதாரண பூங்கா. அந்த வித்தியாசம் என்ன என்பதைத்தான் நாய் வளர்ப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

டாக் பார்க் என்றால் என்ன?

சுற்றிலும் வேலி போட்டு, நாய்கள் கயிறு இல்லாமல் ஓடி விளையாட ஒதுக்கப்பட்ட இடம். முறையாக அமைத்த டாக் பார்க்கில் மூன்று விஷயங்கள் இருக்கும்.

- இரட்டைக் கதவு: ஒரு கதவைத் திறந்து உள்ளே வந்து, அதை மூடிய பிறகே அடுத்த கதவைத் திறக்க வேண்டும். உள்ளே இருக்கும் நாய் சாலைக்கு ஓடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு.
- தனித்தனி பகுதி: சின்ன நாய்களுக்கு ஓர் இடம், பெரிய நாய்களுக்கு ஓர் இடம்.
- தண்ணீர், குப்பைத்தொட்டி: குடிக்க சுத்தமான நீர், நாயின் கழிவை அள்ளிப் போடத் தொட்டி.

எங்கெல்லாம் இருக்கு?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம் பெர்க்லியில், 1979-ல் தொடங்கப்பட்ட ஓலோனி டாக் பார்க், உலகின் ஆரம்பகால நாய்ப் பூங்காக்களில் ஒன்று. தமிழர்கள் அதிகம் வாழும் சிங்கப்பூரில், பிஷான் - அங் மோ கியோ போன்ற பொதுப் பூங்காக்களுக்குள்ளேயே வேலி போட்டு நாய்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

இந்தியாவில் அதிகம் பேசப்பட்டது ஹைதராபாத் கொண்டாப்பூர் டாக் பார்க். குப்பை கொட்டிக் கிடந்த சுமார் 1.3 ஏக்கர் நிலத்தைச் சுத்தம் செய்து, ஹைதராபாத் மாநகராட்சி 2018-ல் இதைத் திறந்தது. நடைபாதை, புல்வெளி, பயிற்சிக் கருவிகள், நாய்கள் நனைந்து விளையாடக் குளம் என எல்லாம் அங்கே அமைக்கப்பட்டன.

போறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

*தடுப்பூசி:* ரேபிஸ் ஊசி கட்டாயம். குட்டிக்கு 3 மாத வயதில் முதல் ஊசி, பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர் ஊசி. பர்வோ, டிஸ்டம்பர் தடுப்பூசிகளும் முடிந்திருக்க வேண்டும். பர்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். அதனால் ஊசிகள் முழுமையாக முடியாத குட்டியை டாக் பார்க் பக்கமே கொண்டு போகக் கூடாது.

*உரிமம்:* சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம். ரேபிஸ் ஊசி போட்ட சான்றிதழோடு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என 2025-ல் மாநகராட்சி அறிவித்தது.

*இந்த நாய்கள் வேண்டாம்:* பருவத்தில் இருக்கும் பெண் நாய், காய்ச்சல் அல்லது வயிற்றுப்போக்கு உள்ள நாய், ஏற்கெனவே யாரையாவது கடித்த நாய். இவற்றை வீட்டிலேயே விட்டுவிடுவது எல்லாருக்கும் நல்லது.

*நேரம்:* நம்ம ஊர் வெயிலுக்கு காலை 8 மணிக்கு முன், இல்லையென்றால் மாலை 5 மணிக்குப் பின். தரையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஏழு விநாடி தாங்க முடியவில்லை என்றால், நாயின் பாதமும் தாங்காது.

உள்ளே போனதும்...

முதல் தடவை நாய் இல்லாமல் தனியாகப் போய்ப் பார்ப்பது நல்லது. எந்த நேரத்தில் கூட்டம், எந்த மாதிரி நாய்கள் வருகின்றன என்பது தெரிந்துவிடும்.

நாயோடு போகும்போது, இரண்டு கதவுகளுக்கு நடுவில் நிற்கும்போதே கயிற்றைக் கழற்றிவிட வேண்டும். மற்ற நாய்கள் அவிழ்ந்து ஓடும் இடத்தில் ஒரு நாய் மட்டும் கட்டப்பட்டிருந்தால், தப்ப வழியில்லை என்ற பயத்தில் அது கடிக்கப் பாயலாம்.

பிஸ்கட், எலும்பு, பந்து எதுவும் உள்ளே வேண்டாம். பாதிச் சண்டைகள் சாப்பாட்டுக்கும் பொம்மைக்கும்தான் வருகின்றன. சின்னக் குழந்தைகளை உள்ளே ஓட விடக் கூடாது. போனைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்காரவும் கூடாது. கண் நாய் மேலேயே இருக்க வேண்டும்.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாட்டு வேட்டை நாய்கள் ஓடும் எதையும் துரத்தும் இயல்புள்ளவை. கூப்பிட்டால் திரும்பி வரும் பழக்கத்தை வீட்டிலேயே கற்றுக்கொடுத்த பிறகுதான் இவற்றை அவிழ்த்து விட வேண்டும்.

விளையாட்டா, சண்டையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்னங்காலை நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கிக் குனிந்தால் அது விளையாட அழைப்பு. மாறி மாறித் துரத்துவது, நடுநடுவே நின்று மூச்சு வாங்குவது எல்லாம் நல்ல அறிகுறிகள்.

உடம்பு விறைப்பது, முதுகு முடி சிலிர்ப்பது, கண் இமைக்காமல் முறைப்பது, வாலைக் கால் இடுக்கில் செருகிக்கொள்வது எல்லாம் எச்சரிக்கை. உடனே கூப்பிட்டுக் கிளம்பிவிட வேண்டும். சண்டை வந்துவிட்டால் நடுவில் கையை விடவே கூடாது. தண்ணீரை வேகமாக ஊற்றலாம், பெரிய சத்தம் எழுப்பலாம்.

கடிச்சிட்டா?

ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்கக் கூடாது. தையல் போடுவதா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். ஆழமான காயம் என்றால் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும்.

'ஊசி போட்ட வீட்டு நாய்தானே' என்று விட்டுவிடக் கூடாது. ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு உயிர் பிழைப்பது ஏறக்குறைய முடியாத காரியம். மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய்கள் மூலமாகத்தான் பரவுகிறது என்கிறது உலக சுகாதார அமைப்பு.

கடற்கரையே பூங்கா ஆகும்போது...

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது நகரத்து நாயும் காரில் கூடவே வருகிறது. புதுமடம் மாதிரி ஊர்களில் கதவும் இல்லை, வேலியும் இல்லை. மணலைப் பார்த்ததும் அவிழ்த்து விடத்தான் தோன்றும். ஆனால், இங்கே கவனிக்க வேண்டியவை வேறு.

- ஆமை முட்டை: ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் எனப்படும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் இரவில் கரையேறி, ஒரு குழியில் சுமார் 100 முட்டைகள் வரை இடும். நாய் மோப்பம் பிடித்துத் தோண்டினால் எல்லாமே போய்விடும். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி இவை முதல் அட்டவணையில் உள்ள உயிரினங்கள்.
- பேத்தை மீன்: வலையில் சிக்கி, கரையில் கழித்துப் போடும் பேத்தை மீனில் கொடிய விஷம் உண்டு. தின்றால் நாய் செத்துவிடும். ஒதுங்கிக் கிடக்கும் சொறி மீனும் மூக்கையும் வாயையும் பதம் பார்க்கும்.
- உப்புத் தண்ணீர்: விளையாட்டில் கடல் நீரைக் குடித்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். குடிநீர் கையோடு இருக்க வேண்டும்.
- கருவாடும் வலையும்: காயப்போட்ட மீனும் விரித்த வலையும் ஒரு குடும்பத்தின் அன்றாட வருமானம்.
- தெருநாய்கள்: அந்தக் கரை அவற்றின் எல்லை. புதிதாக வரும் நாயை அவை கூட்டமாகச் சூழும்.

இன்னொன்றும் உண்டு. புதுமடம் இஸ்லாமியக் குடும்பங்கள் அதிகம் வாழும் ஊர். ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுபவர்கள், நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். தொழுகைக்குப் போகிறவர் மேல் நாய் தாவினால், அவர் திரும்பப் போய்க் கழுவிவிட்டு வர வேண்டியிருக்கும். இது நாய் மேல் உள்ள வெறுப்பு அல்ல. தாகத்தில் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு இறைவன் மன்னிப்பு அளித்ததாகச் சொல்லும் நபிமொழியும் அதே மார்க்கத்தில் உண்டு. 'ஒண்ணும் பண்ணாதுங்க' என்று தூரத்தில் இருந்து சத்தம் போடுவதை விட, ஆள் வரும்போது நாயை இழுத்துப் பிடிப்பதே மரியாதை.

சுருக்கமாகச் சொன்னால்...

டாக் பார்க்கில் நாயை அவிழ்த்து விட முடிவதற்குக் காரணம் அங்கே இருக்கும் வேலியும் விதிகளும்தான். அவை இல்லாத தெரு, சாதாரண பூங்கா, கடற்கரை எல்லாவற்றிலும் உரிமையாளர் கையில் இருக்கும் கயிறுதான் வேலி. அந்தக் கயிறு குழந்தையை மட்டுமல்ல, நாயையும் காப்பாற்றும்.