அராஜகம் என்னும் சொல்லும் கல்முனைக் கரையும்

நாளேடுகளின் தலைப்புகளில் ‘அராஜகம்’ என்றால் அடிதடி, சூறையாடல். சொல்லின் நேர்ப்பொருளோ அரசனில்லாத நிலை என்பதுதான். 1840இல் பிரான்சின் புரூதோன் தம்மை அராஜகவாதி என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டார். மேலிருந்து ஆணையிடும் அதிகாரமின்றியே மனிதர் தமக்குள் உடன்பட்டு வாழமுடியும் என்பது அவரது வாதம். ருஷ்யப் பிரபு குடும்பத்தில் பிறந்த புவியியலாளர் குரொபொட்கின், 1902இல் வெளிவந்த ‘பரஸ்பர உதவி’ என்ற நூலில், உயிர்கள் தப்பிப் பிழைப்பதற்கு ஒத்துழைப்பும் ஒரு பெருங்காரணம் என்று எடுத்துக்காட்டினார்.

இவ்வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1887இல் சென்னையில் பிறந்து, பாரதியாரின் ‘இந்தியா’ பத்திரிகையோடு தொடர்பு கொண்டிருந்த எம்.பி.டி. ஆச்சாரியா, 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தவர்களுள் ஒருவர். பின்னர் அவ்வழியில் கசப்புற்று, பேர்லினில் அராஜகவாதியானார். 1954இல் பம்பாயில் மறையும்வரை அக்கொள்கையிலேயே நின்றார்.

இவர்கள் சொன்னது மெய்யா என்பதை அம்பாறைக் கரையோர ஊர்கள் ஒருமுறை கண்டன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய முஸ்லிம் ஊர்களையும், பாண்டிருப்பு, காரைதீவு ஆகிய தமிழூர்களையும் ஒருசேரத் தாக்கியது. இலங்கையில் மிகக் கூடிய உயிரிழப்பு இம்மாவட்டத்தில்தான்: பத்தாயிரத்துக்கும் மேல். முதல் நாட்களில் ஜனாஸாக்களை மீட்டு அடக்கியவர்களும், பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டவர்களும், அடுப்பு மூட்டிச் சோறு கொடுத்தவர்களும் பெரும்பாலும் அயலவர்களே. அவர்கள் எவருடைய ஆணைக்கும் காத்திருக்கவில்லை.

அரசு வந்தபோது விதியோடு வந்தது. கிழக்கில் கடலோரம் 200 மீட்டருக்குள் மீளக் கட்டத் தடை. கடலுக்கும் வயலுக்கும் நடுவே நெருக்கமாக வாழும் மக்கள் எங்கே போவது? பின்னர் அத்தூரம் இங்கு 65 மீட்டராகக் குறைந்தது. மருதமுனையில் அந்த எண்ணே ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயராயிற்று. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய நிதியில் கட்டிய 500 வீடுகளோ, பங்கீட்டுத் தகராறினாலும் வழக்கினாலும் ஆண்டுக்கணக்கில் காடுபற்றிக் கிடந்தன.

இதைக்கொண்டு அரசே வேண்டாம் என்று முடிவுகட்டிவிட முடியாது. இக்கரையின் பழைய ஊராட்சியில் தாய்வழிக் குடிகளின் சார்பில் மரைக்காயர்கள் பள்ளிவாசலில் கூடி ஊர்க் கருமங்களைத் தீர்த்தனர். கொழும்பை எதிர்பாராத அச்சபையில், குடிவழியைத் தரும் பெண்களுக்கு ஆசனம் இருக்கவில்லை. இரு இனங்களுக்கிடையிலான காணிப் பிணக்கையும் அயலவர் அன்பு மட்டும் தீர்த்துவிடாது.

ஆயினும் அராஜகவாதிகளின் வினா இன்றும் செல்லுபடியாகும்: முடிவின் சுமையைத் தாங்கப்போகிறவர்கள், அது எடுக்கப்படும் இடத்தில் இருந்தார்களா? அந்த 200 மீட்டர்க் கோடு கல்முனை மீனவரைக் கேட்டு வரையப்பட்டதல்ல.